மகாராணிக்கு ஒரு மஞ்சள் கோடு

இந்த முழங்காற்படியின் இடப்பக்கத் திருகு தளர்ந்திருக்கிறது, ஃபாதர். போகும்போது முடுக்கிவிட்டுப் போகிறேன். சட்டைப்பையில் சின்ன திருப்புளி ஒன்று எப்போதும் இருக்கும். சிலர் ஜெபமாலை வைத்திருக்கிறார்கள், நான் இதை வைத்திருக்கிறேன்.

நான் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்திருப்பது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். என் அப்பா செங்கொடிக்காரர். கல்யாணமோ சாவோ, நான் உங்கள் கோயில் வாசலோடு நின்றுவிடுவேன்; மற்றவர்கள் உள்ளே போவார்கள், நான் வெளியே வண்டிகளைப் பார்த்துக்கொள்வேன். இந்தப் பள்ளத்தாக்கில் பாதி ஆண்கள் அப்படித்தான் என்பது உங்களுக்குத் தெரியும். வந்ததன் காரணத்தையும் மறைக்கவில்லை. இங்கே கேட்டதை நீங்கள் வெளியே சொல்லக் கூடாதாம். போலீஸ் கேட்டாலும், பிஷப்பே கேட்டாலும் கூடாதாம். நன்றாக விசாரித்துக்கொண்டுதான் வந்தேன்.

விஷயம் லோரிஸின் மோட்டார் சைக்கிளைப் பற்றியது.

மருந்துக்கடை லோரிஸ் அந்த ஃபலேனா வண்டியை வாங்கிய நாளில் ஊரே கடைவாசலில் கூடியது. நீங்கள் அப்போது இந்தப் பங்குக்கு வந்திருக்கவில்லை. இரண்டு தடவை மூடித் திறந்த ஒரு சின்ன தொழிற்சாலையில், கையால் பூட்டிய வண்டி. சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. நிறுத்தி வைத்திருக்கும்போது அதைவிட அழகான பொருள் உலகத்தில் கிடையாது. ஓடும்போதும் அழகுதான், ஓடினால். மழை என்று காதில் விழுந்தாலே மின்சாரம் போய்விடும். வால்வு இடைவெளி பார்ப்பதற்கு எஞ்சினில் பாதியைக் கழற்ற வேண்டும். ஒரு ரப்பர் வளையம் கேட்டால் அது வருவதற்குள் பிள்ளை பெற்றுப் பெயரும் வைத்துவிடலாம். "மகாராணி" என்று நாங்கள்தான் பெயர் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பிக் கடைக்கு லோரிஸ் வந்தால் யாரும் வணக்கம் சொல்வதில்லை.

"என்ன லோரிஸ், மகாராணி எந்திரிச்சாளா இன்னிக்கு?"

"எந்திரிச்சிட்டா. மூஞ்சி கொஞ்சம் உம்முனு இருக்கு."

"அப்ப நேரியோ, நீ ஸ்பானரை எடுத்துக்கடா. நாங்க பசியோட வர்றோம்."

நேரியோ நான்தான். என்னிடம் இருப்பது ஜப்பான் வண்டி. சாம்பல் நிறம். சாவியைத் திருப்பினால் ஓடும், திருப்பினால் நிற்கும். எண்ணெய் மாற்றுவதைத் தவிர அதற்கு நான் செய்ய வேண்டியது எதுவுமில்லை. இத்தனை வருடத்தில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தண்ணீர் வாரியத்தில் என் வேலையும் அப்படித்தான். குழாயில் தண்ணீர் வருகிறவரை குழாய்க்காரனை யாருக்கும் தெரியாது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கணவாய்க்கு ஏறும் வழியில் எவன் வண்டி நிற்கிறதோ அவன் எல்லாருக்கும் சாப்பாடு வாங்கித் தர வேண்டும். எவன் அதை மறுபடி கிளப்புகிறானோ அவனுக்கு மேலே பிரூனாவின் விடுதியில் மேசையின் தலைமாட்டு நாற்காலி. முதல் கோப்பை ஒயின் அவனுக்கு ஊற்றிய பிறகுதான் மற்றவர்களுக்கு. வண்டி எப்படி நின்றது, எப்படிக் கிளம்பியது என்று அவன்தான் கதை சொல்ல வேண்டும். அது முடியும்வரை பிரூனா சூப்பைக்கூடக் கொண்டுவர மாட்டாள். பல வருடம் அந்த நாற்காலி எனக்குத்தான். என்னைவிட நன்றாகக் கதை சொல்கிறவன் இந்தக் கூட்டத்தில் இல்லை என்று லோரிஸே சொல்வான். நிற்பது அவன் வண்டி, எழுப்புவது நான், சாப்பிடுவது எல்லாரும். யாருக்கும் நஷ்டமில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிறகு இலேனியா வந்தாள்.

அடுத்த பள்ளத்தாக்கில் பட்டறை போட்டாளே, அந்தப் பெண்தான். அதே தொழிற்சாலையில் எஞ்சின் பூட்டிப் பழகியவள். லோரிஸ் குளிர்காலம் முழுக்க வண்டியை அவளிடம் விட்டான். வசந்தத்தில் அது திரும்பி வந்தபோது நான் காதை வைத்துக் கேட்டேன். குறை சொல்ல ஒரு சத்தம்கூட இல்லை. கோடை முழுக்க ஒரு தடவைகூட நிற்கவில்லை. மழையில் போனான், நிற்கவில்லை. கடல்வரை போய்விட்டு வந்தான், நிற்கவில்லை. அவளைப் பாராட்டத்தான் வேண்டும், நானும் பாராட்டினேன்.

தலைமாட்டு நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அதில் தலைக்கவசங்களை வைத்தார்கள். எனக்குக் கழிப்பறைக் கதவுப் பக்கம் இடம் கிடைத்தது. ஒருநாள் பிரூனா தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "நீங்க காளான் சாப்பிடுவீங்கள்ல?" என்று கேட்டாள். நான் காளான் சாப்பிட மாட்டேன் என்பதை அத்தனை வருடம் கேட்காமலே தெரிந்து வைத்திருந்தவள் அவள். எனக்கு வலித்தது, ஃபாதர். சின்ன விஷயம்தான். ஆனாலும் வலித்தது.

அதனால் லேசாக உதவி செய்தேன்.

பெட்ரோல் தொட்டிக்குக் காற்று போக ஒரு மெல்லிய குழாய் உண்டு. அதை ஒரு கம்பியால் நெரித்துவிட்டால் வண்டி கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், பிறகு மூச்சு முட்டி நின்றுவிடும். தொட்டி மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று ஒரு சத்தம், உடனே கிளம்பும். அந்தச் சாக்கில் கம்பியையும் உருவிவிடலாம். எல்லாரும் காப்பி குடிக்கும்போது குனிந்து ஷூ நாடா கட்டுகிற நேரம் போதும். அந்த ஞாயிறு கணவாய்க்குக் கீழே மகாராணி நின்றாள். நான் தொட்டி மூடியைத் திறந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். லோரிஸ் என்னைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் என்னடா பண்ணுவேன்!" என்றான். அதை அவன் மனசாரத்தான் சொன்னான். அப்படி ஒரு வார்த்தையை ஒருவன் வாயால் கேட்டிருக்கிறீர்களா? உங்கள் வேலையில் கேட்டிருப்பீர்கள். என் வேலையில் கிடைக்காது.

அன்று பிரூனா எனக்குக் காளான் இல்லாமல் கொண்டுவந்தாள்.

பாவம், இலேனியாதான் குழம்பிப் போனாள். வண்டியைத் திரும்ப வாங்கி, கழற்றி, பூட்டி, ஒரு குறையும் காணாமல் கூலியும் வாங்காமல் அனுப்பினாள். அது மறுபடி நின்றது. மறுபடி கழற்றினாள். தூக்கமில்லாமல் கண்ணெல்லாம் வீங்கிப்போயிருந்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். தான் முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ஒரு மஞ்சள் கோடு. அது போல்ட்டிலிருந்து பக்கத்து இரும்புவரை போகும். போல்ட் நூலளவு திரும்பினாலும் கோடு உடைந்துவிடும். தினமும் கிளம்பும் முன் அந்தக் கோடுகளைப் பார்க்கச் சொல்லி லோரிஸைப் பழக்கினாள். அவனும் ஜெபம் சொல்வதுபோல ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். அந்தக் காற்றுக் குழாயையும் கண்ணாடிபோலத் தெரிகிற ஒன்றாக மாற்றிவிட்டாள். கெட்டிக்காரி. இரண்டாவது வருடம் நான் மறுபடியும் கழிப்பறைக் கதவுப் பக்கம்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வசந்தத்தில் கோயில் முற்றத்தில் மோட்டார் சைக்கிள்களை மந்திரித்தீர்களே, அந்த ஞாயிறு. வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாரும் தலைக்கவசத்தைக் கழற்றித் தலை குனிந்து நின்றார்கள். நீங்கள் தீர்த்தம் தெளிக்கும் குச்சியோடு நடந்து வந்தீர்கள். மகாராணியின் முன்சக்கரத்துப் பக்கம் நான் மண்டியிட்டிருப்பதைப் பார்த்தீர்கள். சிரித்தீர்கள். செங்கொடிக்காரன் மகனும் கடைசியில் மண்டி போட்டுவிட்டானே என்று நினைத்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் ஒரு துளி தீர்த்தம் என் கையிலிருந்த ஸ்பானரில் விழுந்தது.

முன்பிரேக்கை, சக்கரத்தைத் தாங்கும் முன்காலோடு பிடித்து வைக்கும் போல்ட்டுகளை நான் தளர்த்தினேன். கழற்றவில்லை, தளர்த்தினேன். உடைந்த மஞ்சள் கோட்டைத் துடைத்துவிட்டு, அதே மஞ்சளில் புதிதாக, நேராக இழுத்தேன். பெயிண்ட் பேனாவை இலேனியா வாங்கிய கடையிலேயே வாங்கியிருந்தேன். அவள் கோட்டைவிட என் கோடு சுத்தமாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும். நீங்கள் 'ஆமென்' சொன்னபோது நான் எழுந்துவிட்டேன். லோரிஸ் வந்து கோடுகளைத் தொட்டுப் பார்த்தான். "பாத்தியாடா, ஒண்ணுகூட அசையல" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

என் கணக்கு எளிமையானது. இறக்கத்தில் பிரேக் கடகடவென்று ஆடும். லோரிஸ் சத்தத்தைக் கேட்டு ஓரமாக நிறுத்துவான். நான் பின்னால் வந்து, பார்த்து, முடுக்கிவிடுவேன். போக இருந்த உயிரை நேரியோ காப்பாற்றினான் என்று பிரூனாவின் மேசையில் பேச்சு நடக்கும். அவனை எனக்குத் தெரியும். அத்தனை வருடமும் ஊசி விழுந்த சத்தம் கேட்டால்கூட வண்டியை ஓரம் கட்டியவன்.

ஆனால் அவன் நிறுத்தவில்லை. இலேனியாதான் அவனுக்கு அந்த வண்டியை நம்பக் கற்றுக்கொடுத்திருந்தாளே. கோடுகள் சரியாக இருக்கின்றன, அப்புறம் சத்தம் என்ன பெரிய சத்தம் என்று போயிருக்கிறான். யோசித்துப் பார்த்தால், பழைய மகாராணியாக இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

நான் பின்னால்தான் வந்துகொண்டிருந்தேன். எப்போதும் நான்தான் கடைசி, யாராவது நின்றால் பார்ப்பதற்கு. அந்தச் சத்தம் என் தலைக்கவசத்துக்குள்ளேயே கேட்டது. ஹார்ன் அடித்திருக்கலாம். விளக்கைப் போட்டு அணைத்திருக்கலாம். ஆனால் அவனாகவே நிறுத்தி, அவனாகவே திரும்பிப் பார்த்து, அவனாகவே என்னைக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. அடுத்த வளைவில் கூப்பிடுவான், அதற்கடுத்ததில் கூப்பிடுவான் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். செஸ்ட்நட் மரங்கள் இருக்கிற வளைவில் பிரேக் பிய்ந்து சக்கரத்துக்குள் போய்விட்டது.

முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது, அவனை அசைக்காமல் பிடித்துக்கொண்டது, எல்லாம் நான்தான். முதுகெலும்பு போய்விட்டது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேரியோ, அவளுக்கு என்ன ஆச்சுன்னு பாருடா" என்றான். வண்டியைத்தான் கேட்டான். நான் அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை.

தலைமாட்டு நாற்காலி இப்போது எனக்குத்தான். யாரும் சொல்லவில்லை, தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

இலேனியாவின் பட்டறைக்கு போலீஸ் சீல் வைத்துவிட்டார்கள். மஞ்சள் கோடு போட்டிருக்கிறாள், போல்ட்டை முடுக்கவில்லை என்பதுதான் வழக்கு. என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவே இல்லை. "நேரியோ அண்ணே, இந்தக் கையாலதான் முடுக்கினேன். சத்தியமா முடுக்கினேன். எங்க அப்பாவே என்னைச் சந்தேகமா பாக்குறாரு. நீங்களாவது நம்புங்கண்ணே" என்றாள். "நம்புறேம்மா" என்றேன். அது உண்மை. அவள் சொல்வதை ஒரு துளி சந்தேகமில்லாமல் நம்புகிற ஒரே ஆள் இந்தப் பகுதியிலேயே நான்தான்.

செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்தில் என்னைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். அந்த வண்டியை என்னைவிட அதிகம் அறிந்தவன் யாருமில்லையாம். போல்ட் தளர்ந்திருந்தது என்று சொல்வேன். கோடு முழுதாக இருந்தது என்று சொல்வேன். ஒரு பொய்கூடச் சொல்லப் போவதில்லை. பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

என்ன கேட்டீர்கள்? இங்கே சொன்னதை அங்கேயும் சொல்ல வேண்டும் என்றா? சொல்லாவிட்டால் பாவமன்னிப்பு கிடையாதா? அதையும் யோசித்துப் பார்த்தேன், ஃபாதர். நான் உள்ளே போய்விட்டால் லோரிஸை யார் பார்ப்பது? அவன் மனைவி மாரா ஒற்றை ஆளாக எத்தனை செய்வாள்? அவள் வீட்டைச் சூடாக்கும் கொதிகலனைப் பார்ப்பவன் நான். வாசல்படிக்குச் சாய்தளம் போட்டவன் நான். உங்கள் கோயில் மணி மோட்டாரை ஈஸ்டருக்கு ஈஸ்டர் வந்து ஓட வைப்பவனும் நான்தான். அது தானாகத்தான் கெட்டது, முதல் தடவை. இலேனியா இளம்பெண், கையில் தொழில் இருக்கிறது. வேறு ஊரில் பிழைத்துக்கொள்வாள். லோரிஸுக்கு என்னை விட்டால் யாருமில்லை. மன்னிப்புக்கு அவசரமில்லை. யோசித்துவிட்டு வேண்டுமானால் கொடுங்கள். அடுத்த வாரமும் வருகிறேன்.

இப்போது நேராக அவன் வீட்டுக்குத்தான் போகிறேன். பாட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி இன்று வந்து இறங்குகிறது. ஜெர்மன்காரன் செய்தது. இனி யாரையும் தொந்தரவு செய்யாமல் தானாகவே கடைவரைக்கும் போய்வரலாம் என்று லோரிஸுக்கு ஒரே சந்தோஷம். வருடக்கணக்கில் அதில் யாரும் கை வைக்கவே தேவையிருக்காது என்று விற்றவன் மாராவிடம் சொன்னானாம்.

பார்ப்போம்.