தங்கையின் குரல் துண்டுகள்

கணினியில் மெட்டுப் போடுவது காய் அரிந்து வைத்துக்கொள்வது மாதிரிதான், மேடம். ஓய்வாக இருக்கும்போது நாலு தட்டு மேளம், வயலினில் ஒரு இழுப்பு, புல்லாங்குழலில் ஒரு நெளிவு என்று சின்னச் சின்னத் துண்டுகளாகப் பதிந்து வைத்துவிட்டால், அவசரத்துக்கு எடுத்துக் கோத்துக்கொள்ளலாம். ஒரே துண்டைப் பல பாட்டுகளில் போட்டாலும் கேட்கிறவருக்குத் தெரியாது. விளம்பரம், டிவி தொடர் என்று என் பிழைப்பு அப்படித்தான் ஓடியது.

பாடுவதற்கு மட்டும் தங்கை வருவாள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டதும் நான், சுருதி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் நான். எனக்குத் தொண்டை கிடையாது. பாடினால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கும். வீட்டில் ஒருத்திக்காவது வாய்த்ததே என்று நினைத்துக்கொள்வேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் ஒரு டிவி தொடரின் இயக்குநர் என் அறையில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டுவிட்டு, "மெட்டு யாரு வேணா போடலாங்க. இந்தக் குரலுக்கு எங்க போறது?" என்றார். என் முகத்தைப் பார்த்தே சொன்னார். தங்கை பதறிப்போய், எல்லாம் அக்கா சொல்லிக்கொடுத்தது என்றாள். அவள் பெருமையடித்துக்கொண்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். எனக்காகப் பரிந்து பேசினாள்.

அப்புறம் பெரிய இசையமைப்பாளர் ஒருவர் அவளைக் கூப்பிட்டார்.

"அக்கா, நான் போகட்டுமா? நீ வேணாம்னா போகல."

தாராளமாகப் போ என்றேன். போவதற்கு முன்னால் உன் குரலைக் கொஞ்சம் பதிந்து வைத்துக்கொள்கிறேன், ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்றேன். சலிக்காமல் வந்து உட்கார்ந்தாள். ஆ, ஈ, ஊ, கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு சுரமும், ஒவ்வொரு எழுத்தும். மூச்சு இழுப்பதைக்கூட விடவில்லை. நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதையும் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டேன். எல்லாம் சேர்ந்ததும் சும்மா ஒரு வரி கோத்துப் பார்த்தேன். அச்சு அசல் அவள்தான். ஆனால் நான் சொன்னபடி மட்டும் பாடினாள்.

குளியலறை கழுவும் ஆசிட் பாட்டிலைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், நான்தான். அவள் பாடக் கிளம்பிய அன்று காலை, வழக்கமாக நான் தரும் தேன் கலந்த வெந்நீரில் ஊற்றினேன். என் கையால் எது கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். உயிருக்கு ஆபத்து வராத அளவுதான் ஊற்றினேன். ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி குரல் வராது என்று டாக்டர் சொன்னார். நான் புதுப் பாட்டு ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு போய் அவள் காதில் ஹெட்போனை மாட்டினேன். முழுப் பாட்டும் அவள் குரல். அதில் ஒரு வரியும் அவள் பாடியதில்லை. இடையில் அந்தச் சிரிப்பையும் வைத்திருந்தேன். அது வந்தபோது அவள் ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் போலீஸை வரச்சொல்லி நர்ஸிடம் எழுதிக் காட்டியிருக்கிறாள். வலியில் செய்திருப்பாள். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை.

என் கணினியை மட்டும் சீக்கிரம் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், மேடம். அவளுக்காகப் பாட என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?