ஓடுதளத்துக்கு அடியில் கிடந்த குண்டு

ஓடுகிறேன். செருப்பு எங்கோ போய்விட்டது. ஜல்லி காலைக் கிழிக்கிறது. என் பிடியில் நாத்தனார் செல்வியின் கை. பின்னால் என் வீட்டுக்காரர் முனுசாமியின் குரல்.

"குண்டு! ஓடுங்க! திரும்பிப் பாக்காதீங்க!"

திரும்பிப் பார்த்தேன். அவர் எங்கள் பின்னால் வரவில்லை. குழிக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

பங்குனி மாதம். செவ்வாய்க்கிழமை. காலை பத்தேகால் இருக்கும். ஜப்பான் சண்டை முடிந்து ஐம்பது வருடம் ஆகியிருந்தது.

அந்தச் சண்டைக்காக வெள்ளைக்காரர்கள் போட்ட விமான மைதானம் அது. பத்து நாள் கெடு வைத்து நிலத்தை எடுத்தார்களாம். என் மாமனாரின் நெல் வயலும் போனது. கருங்கல் கொட்டினார்கள். மேலே சிமெண்ட் பூசினார்கள். சண்டை முடிந்து விமானங்கள் போயின. நிலம் திரும்பி வரவில்லை. சீமைக் கருவேலம் மண்டியது. பிறகு, ரோடு போட ஜல்லி வேண்டுமென்று ஓடுதளத்தைப் பெயர்க்க ஆள் கேட்டார்கள். ஐயம்பேட்டையிலிருந்து டிராக்டரில் போனோம். எங்கள் வயலுக்கே கூலிகளாக.

அன்று முனுசாமியின் கடப்பாரை எதிலோ பட்டது. டங். கல்லின் சத்தம் இல்லை. மண்ணை விலக்கினார். உருண்டையான இரும்பு. துருப்பிடித்திருந்தது.

"இன்னாப்பா இது?" என்றார்.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "பழைய இரும்புதான்பா. தட்டி வெளிய எடுங்க."

செல்வியின் புருஷன் கோதண்டன் குழிக்குள் இறங்கினான். சம்மட்டியால் ஓர் அடி. இன்னொரு அடி. மூன்றாவது அடியில் சீறல் கேட்டது. பாம்பு என்று நினைத்தேன். வெள்ளைப் புகை வந்தது. கோதண்டன் பதறி ஏறினான். பெயர்த்து வைத்திருந்த சிமெண்ட் பாளம் சரிந்து அவன் காலை அழுத்தியது.

"மாமா!" என்று கத்தினான். அது முனுசாமியைக் கூப்பிட்ட குரல்.

செல்வி திமிறுகிறாள். என் மணிக்கட்டைக் கடிக்கிறாள். நான் விடவில்லை. வாய்க்கால் பள்ளத்துக்குள் அவளை இழுத்துக்கொண்டு விழுந்தேன்.

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தரை என் நெஞ்சில் மோதியது. பிறகு மண் கொட்டியது. வெகுநேரம் கொட்டியது.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் செல்வி என் தோளை உலுக்கினாள். வலது காதில் மட்டும் அவள் குரல் விழுந்தது.

"ஏன் அண்ணி என் கையப் புடிச்ச? வுட்டிருக்கலாம் இல்ல?"



ஜப்பான்காரன் வந்து இறங்கினால் ஓடுதளத்தைத் தகர்க்க வெள்ளைக்காரர்களே புதைத்துவைத்த குண்டு என்று பின்னால் சொன்னார்கள். காகிதத்தில் விபத்து என்று எழுதினார்கள். நான் சண்டை என்றுதான் சொல்வேன்.

முனுசாமி, வயது முப்பத்தொன்று. கோதண்டன், வயது இருபத்தாறு. மேஸ்திரியின் இரண்டு கண்கள். என் இடது காது.

செல்விக்கு அப்போது மூன்று மாதம். நாலாம் நாள் அதுவும் கலைந்தது. செத்தது இரண்டு பேர் என்று காகிதம் சொல்கிறது. மூன்று பேர்.