எட்மண்ட் ஃபிஸ்க் விதைத்த கோதுமை

1612-ஆம் ஆண்டு, சஃபோக் மாவட்டம், விக்ஹோல்ட் ஊரில் தேவாலயத்துக்குப் பின்புறம் குடியிருக்கும், கூலிக்கு அறுவடை செய்யும் ஹம்ஃப்ரி பாஸ்க், வயது நாற்பத்தொன்று, வேதப் புத்தகத்தைத் தொட்டுச் சொன்னது:

பிரதிவாதி தாமசின் ஃபிஸ்க் என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷன் எட்மண்ட், தன் ஆயுள் உள்ளவரை என்று குத்தகைக்கு எடுத்திருந்த ஆற்றங்கரை வயலில் போன இலையுதிர் காலத்தில் கோதுமை விதைத்தார். இருமிக்கொண்டே அவர் விதைக்க, நான் பின்னாலேயே பரம்படித்து மண்ணை மூடினேன். பனிக்காலத்தில் எட்மண்ட் இறந்தார். குத்தகையும் அவரோடு முடிந்தது. அதன் பிறகு நிலத்துக்காரர் வயலை வாதி ரால்ஃப் நன்னுக்கு விட்டார். குத்தகைக்காரர் இறந்தாலும் அவர் விதைத்த பயிர் அவர் வீட்டுக்குத்தான் என்பது எங்கள் ஊர் முறை. ரால்ஃபின் அப்பா இறந்தபோது ரால்ஃபும் அப்படித்தான் அறுத்துக்கொண்டு போனார். இப்போது மறந்துவிட்டார் போலும்.

அறுவடைக் காலம் வந்ததும் தாமசின் பட்டப்பகலில் என்னையும் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கினாள். முதல் பிடியை அறுத்து மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு முழுவதையும் அறுத்து அவள் களஞ்சியத்தில் சேர்த்தோம். அத்துமீறி நுழைந்ததாக ரால்ஃப் வழக்குப் போட்டார்.

அதன் பிறகு தாமசினின் வக்கீல், அவளை ஒரு வார்த்தை கேட்காமல், பிரதிவாதி அந்த வயலுக்குப் போகவே இல்லை என்று பதில் எழுதிக் கொடுத்துவிட்டார். போனேன், எங்கள் பயிரை எடுக்கப் போனேன் என்று எழுதியிருந்தால் ஊர் முறையைப் பேசியிருக்கலாமாம். இப்போது போனாளா இல்லையா என்பதைத் தவிர வேறெதையும் நீதிமன்றம் கேட்காதாம். இதை நேற்றுதான் சாவகாசமாகச் சொன்னார். சொல்லிவிட்டு என்னிடம், "நீ பாக்கலைன்னு சொல்லிடுய்யா, சோலி முடிஞ்சுது" என்றார். தாமசின்தான், "வேணாம்ண்ணே. நான் போனதை ஊரே பாத்துச்சு. எம் புள்ளைங்க ரொட்டிக்காக நீங்க பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க" என்றாள். அந்தக் கோதுமை போனால் இந்தக் குளிர்காலத்தில் பிள்ளைகளுக்கு வேறு ரொட்டி இல்லை.

ஆகவே, கேட்ட கேள்விக்குப் பதில்: அவள் வயலில் நுழைந்ததை நான் பார்த்தேன்.

இந்த ஒரு வரி போதும் என்று இதை எழுதும் எழுத்தர் முதலிலேயே சொன்னார். மற்றதையும் எழுதாவிட்டால் அடையாளம் இட மாட்டேன் என்றேன். "எழுதினாலும் நீதிபதி படிக்க மாட்டாருப்பா" என்றார். "படிக்காட்டி போறாரு. நீங்க எழுதுங்க" என்றேன்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். அவள் நுழைந்தது உண்மை. அவள் புருஷன் விதைத்தது அதற்கு முந்திய உண்மை. இரண்டும் இதில் இருப்பதால், எழுதப் படிக்கத் தெரியாத நான் என் அரிவாள் அடையாளத்தை இட்டேன்.