நான் பார்த்துக் கொடுத்த விளக்கு

பழைய கேமராவை வாங்கும்போது முதலில் மூக்கைத்தான் நம்ப வேண்டும். பையைத் திறந்ததும் வெகுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியின் வாடை வந்தால், லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி நூல் மாதிரி தெரியும். திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ கழற்றிக் குடைந்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் வேலை. வாங்க வருகிறவர்கள் கேமராவைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் உதட்டைப் பிதுக்கினால் பேச்சு முடிந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. என் சொல்லுக்கு என்ன எடை இருந்தது என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

என் தங்கையின் கணவருக்கு முதல் கேமராவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் நான்தான். அப்போது அவர் ஒரு கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கேமராவில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. நாலே வருடத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் படமெடுக்க அவரைத் தேட ஆரம்பித்தார்கள். எனக்கு லென்ஸின் உள்வயிறு தெரியும். அவருக்கு முகங்கள் தெரிந்தன.

எங்கள் அம்மா போனபோது நான் எடுத்த படத்தைத்தான் தங்கை வீட்டுக் கூடத்தில் மாட்டினோம். மூன்றாம் மாதம் போனால், அந்த ஆணியில் மாப்பிள்ளை எடுத்த படம் தொங்கியது. அம்மா எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் படம். "இதுலதாண்ணா அம்மா அம்மா மாதிரி இருக்காங்க" என்றாள் தங்கை. அவள் சொன்னது சரி. என் படம் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே செருகியிருந்தது. நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு அவர் வேலையை விட்டார். ஓர் அறை வாடகைக்குப் பிடித்து ஸ்டுடியோ தொடங்கப்போவதாகச் சொன்னார். தொழிலை மூடுகிற ஒருவரிடம் இரண்டு ஸ்டுடியோ ஃபிளாஷ் விளக்குகள் இருந்தன. பார்த்துச் சொல்ல என்னை அழைத்துப்போனார். முதல் விளக்கு நன்றாக இருந்தது. இரண்டாவதில் ஒயர் உள்ளே போகும் இடம் கருகியிருந்தது. பிளக்கில் எர்த் பின்னை யாரோ வெட்டியிருந்தார்கள். பிளக்கைச் சொருகி, விளக்கின் இரும்பு உடம்பில் டெஸ்டரை வைத்தேன். அதன் சின்ன பல்பு எரிந்தது. இரும்பு வரைக்கும் கரண்ட் கசிகிறது என்று அர்த்தம்.

மாப்பிள்ளை கதவருகில் நின்றார். "என்ன மச்சான், எடுத்துக்கலாமா?"

பல்பின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தேன். "ரெண்டும் நல்லா இருக்கு மாப்ளே. தாராளமா எடுத்துக்கோங்க."

கையை உதறிக்கொள்ளும் அளவுக்கு ஒரு சுர்ரென்ற அடி, வாடிக்கையாளர் முன்னால் கொஞ்சம் அவமானம், அவ்வளவுதான் நடக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஸ்டுடியோ திறந்த அன்று காலையில்தான் தரையைத் துடைத்திருந்தார்கள். வெள்ளைத் திரையில் கறை படக்கூடாதென்று அவர் வெறுங்காலோடு ஈரத் தரையில் நடந்துகொண்டிருந்தார். முதல் படம் குடும்பப் படம். என்னை நடுவில் உட்காரச் சொன்னார். இரண்டாவது விளக்கைக் கொஞ்சம் திருப்ப வேண்டும் என்று போனார். இரண்டு கையாலும் பிடித்தார். நான் போய் மெயினை அணைத்தேன். எத்தனை நொடியில் போனேன் என்று அன்று நீங்கள் கேட்கவில்லை.

பழைய சாமான், விபத்து என்று எழுதினீர்கள். வீட்டில் ஒரு பெரியவர் மட்டும் அதை யார் பார்த்து வாங்கியது என்று கேட்டார். "எங்கண்ணன் பாத்தது. அதுல குறை இருந்திருக்காது. கொண்டு வர வழியில எங்கயாவது இடிபட்டிருக்கும்" என்றாள் தங்கை. அழுது முடித்த குரலில், எனக்காக வாதாடினாள். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். அதைத் துக்கம் என்று நினைத்து யாரோ என் தோளைத் தட்டினார்கள்.

நீங்கள் திருப்பிக் கொடுத்த விளக்குகளோடு இன்று காலை என் கடைக்கு வந்தாள். "பாத்துச் சொல்லுண்ணா, இதை வித்துடலாமா? இன்னொரு வீட்டுல யாருக்கும் இப்படி ஆகிடக் கூடாது." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் டெஸ்டரைக் கையில் எடுக்க முடியவில்லை. இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே, உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். இன்னும் கடையில்தான் உட்கார்ந்திருப்பாள்.

சாகட்டும் என்று நான் நினைக்கவே இல்லை. வழி நெடுக இந்த வாக்கியத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். சொல்லச் சொல்ல உண்மை போலத்தான் இருந்தது. ஆனால் அன்று அவர் விளக்கை நோக்கி நடந்தபோது, அவருடைய ஆறு வயது மகள் அப்பாவின் பின்னாலேயே ஓடினாள். "இங்க வா கண்ணு, மாமா மடியில உக்காரு" என்று கூப்பிட்டேன். வந்தாள். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவரைக் கூப்பிடவில்லை.