பையில் கொண்டுபோன தாப்பாள்

"இந்தத் தாப்பாளை அதிகாரிங்க மேசையில வைக்காமத் திரும்ப மாட்டேன்க்கா."

பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் தன் அக்காவிடம் சொன்னாள். நாடு முழுவதும் மனநல மருத்துவமனைகளை மாற்றியமைக்கத் திட்டம் போடுகிறார்களாம். முன்பு உள்நோயாளியாக இருந்தவள் என்பதால் இன்றைய கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஏட்டி, பைய பேசு. எல்லாரும் திரும்பிப் பாக்காவ."

"பாக்கட்டும். நாலு மாசம் தாப்பாள் இல்லாத பாத்ரூம்ல, ஒரு காலால கதவை அமுக்கிக்கிட்டே குளிச்சேன்."

"உள்ள பூட்டிக்கிட்டு யாராவது எதுவும் பண்ணிக்கிட்டா என்ன செய்யன்னு கேப்பாவளே?"

"அதுக்குத்தான் கடை கடையா ஏறி இதை வாங்குனேன். உள்ள பூட்டியிருந்தாலும், வெளிய இருந்து நர்சம்மா ஒரு ரூபாத் துட்டை வச்சுத் திருகுனா திறந்துக்கிடும்."

"பெரிய பெரிய டாக்டர்மார் இருப்பாவ. அவங்களுக்குத் தெரியாததையா நீ சொல்லப் போற?"

"இருக்கட்டும். அந்த பாத்ரூம்ல குளிச்சவ அந்தக் கூட்டத்துல நான் ஒருத்திதான்."

இறங்கும் இடம் வந்தது. பையை ஒழுங்காக மூடச் சொன்னாள் அக்கா. தங்கையோ தாப்பாளை வெளியே எடுத்து, எல்லாரும் பார்க்கக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.