லீவு குடுக்காத மேனேஜர்

இல்லக்கா, அது வேணாம். அவ்ளோ பெரிய பழத்த மாடியிலேருந்து போட்டா கீழ நிக்கிறவங்க மண்ட என்னத்துக்காவும். சப்பரம் வர்றப்ப சாமிக்கு எறைக்கத்தான் கேக்குறேன். நீலம் மாம்பழம் இருக்கா? கைக்கடக்கமா, கொஞ்சம் கெட்டியா... ஆமா, எனக்கு ஊரு நெரவிதான். எப்புடிக் கண்டுபுடிச்சீங்க? மூஞ்சியா. எல்லாரும் அதான் சொல்றாங்க, அல்லிய அப்புடியே உரிச்சு வச்சிருக்குன்னு. ஆமாக்கா, அல்லி பொண்ணுதான். எம் பேரு தமிழ்மொழி. துபாய்ல இருக்குறவ.

அம்மா ஒங்ககிட்டயும் சொல்லிருக்கா? வருசா வருசம் திருநாவுக்கு இங்கதான் வாங்குமா? சரிதான். பழம் வாங்க வந்துச்சா, அந்த மேனேஜரத் திட்ட வந்துச்சான்னே ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆமா, அவருதான். லீவே குடுக்க மாட்டாரு. நானும் கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன், இந்த வருசந்தான் என்னமோ மனசு வந்துச்சு அவருக்கு. போன வருசமே அம்மாவக் காணோமா? ஆமா... இந்த வருசமும் வர்ல. நான் மட்டுந்தான். பங்கஜவல்லி டீச்சர் வீட்டு மாடிக்குத்தான் போறேன், அம்மா வழக்கமா நிக்குமே, அங்க.

கூடையா? அதயும் சொல்லிருக்கா? பொண்ணு லீவு கெடைச்சு வந்தா அவ கையாலயே ஒரு கூடை பழம் எறைக்க வைக்கிறேன்னு. சாமிகிட்ட வேண்டிக்கிட்டதோட விடல போலருக்கு, வீதி பூரா சொல்லி வச்சிருக்கு. இல்லக்கா, கூடை வேணாம். ரெண்டு பழம் போதும். சொன்னாக் கேளுங்க, ரெண்டே ரெண்டு குடுங்க.

சப்பரம் இப்ப எங்க வருது? பெருமாள் கோயில் வீதியா. அப்ப நேரம் இருக்கு. இந்தப் பொட்டி மேல செத்த ஒக்காந்துக்கவா? வெயிலு தாங்கல. துபாய் வெயிலப் பாத்தவதான், ஆனா அங்க யாரு வெயில்ல நிக்கிறா.

என்னது? பாவமா? நானா?

அப்புடிச் சொல்லாதீங்கக்கா. வந்து மூணு நாளா எல்லாரும் அதயேதான் சொல்றாங்க. பொம்பளப்புள்ள, தன்னந்தனியா அம்மாம் பெரிய ஊருல எப்புடித்தான் காலத்த ஓட்டுனியோன்னு கையப் புடிச்சுக்குறாங்க. எனக்கு மூஞ்சிய எங்க கொண்டுபோயி வச்சுக்குறதுன்னு தெரியல. ஒங்களுக்கும் எனக்கும் பழக்கமில்ல, அதுனால ஒங்ககிட்ட சொல்றேன். நான் அங்க நல்லா இருந்தேங்க்கா. ரொம்ப நல்லா இருந்தேன். வாழ்க்கையில அப்புடி ஒரு சந்தோசம் நான் கண்டதில்ல.

மொத ரெண்டு வருசம் ஆறு பேரு ஒரே ரூம்ல, அடுக்குக் கட்டிலு. அப்புறம் தனி ரூம் எடுத்தேன். ரூம்னா என்ன, இந்தக் கடை அகலம் இருக்கும். ஒரு சன்னலு, ஒரு கட்டிலு, ஒரு சாவி. அந்தச் சாவி என் ஒருத்தி கையிலதான் இருந்துச்சு. எங்க வீட்ல கதவச் சாத்துறதே ராத்திரிக்குத்தான். பகல்ல நான் ஒரு நிமிசம் சாத்துனா, ஏண்டி சாத்துறன்னு வெளியேருந்து கொரல் வந்துரும். அங்க பூட்டிகிட்டு உள்ள சும்மா ஒக்காந்திருப்பேன். சும்மாதான். செவுத்தப் பாத்துகிட்டு சிரிச்சிருக்கேன் நானு.

லீவு நாள்ல ஒரு வேலையும் வச்சுக்க மாட்டேன். அங்க மெட்ரோ ரயிலுக்கு ஓட்டுற ஆளு கெடையாது, முன்னாடி கண்ணாடியாண்ட நின்னா நம்மளே ஓட்டுற மாதிரி இருக்கும். கடைசி ஸ்டேசன் வரைக்கும் போவேன், எறங்குவேன், திரும்பி வருவேன். நம்ம அரசலாறு கடல்ல சேர்ற எடம் மாதிரி ஊருக்கு நடுவுல தண்ணி வந்துருக்கும், படகு விடுவாங்க. நாலு தடவ போயி நாலு தடவ வருவேன். படகுக்காரன் சிரிப்பான். எங்க போற, எப்ப வருவன்னு கேக்க ஒரு ஆளு கெடையாது. அந்தக் கேள்வி இல்லாம ஒரு நாள் இருந்து பாருங்கக்கா, ஒடம்பே லேசாயிரும்.

மாம்பழம் விக்கிறீங்களே, ஒரு முழுப் பழத்த நீங்க மட்டும் தின்னுருக்கீங்களா? பாத்தீங்களா, நீங்களே யோசிக்கிறீங்க. எங்க வீட்ல ரெண்டு கதுப்பும் எந் தம்பி புகழேந்திக்கு. ஓரத்துச் சீவலு எனக்கு. அம்மா கொட்டையச் சூப்பும். கொட்டையிலதாண்டி ருசின்னு சொல்லும், நானும் ரொம்ப நாளு அத நம்பிகிட்டு இருந்தேன். அங்க ஒரு பொட்டி வாங்கிட்டு வந்து, பாத்திரம் கழுவுற தொட்டி மேல குனிஞ்சு நின்னு, முழங்கை வரைக்கும் சாறு வழிய வழிய ஒண்ண முடிச்சிட்டு இன்னொண்ண எடுப்பேன். கதுப்பும் எனக்குத்தான், கொட்டையும் எனக்குத்தான். இப்ப சொல்ல வெக்கமா இருக்கு. அப்ப கொஞ்சங்கூட வெக்கமா இல்ல, அத நெனச்சாத்தான் இன்னும் வெக்கமா இருக்கு.

எப்பன்னா... லீவுலதான்.

ஆமாக்கா. லீவுல. முன்ன கெடைக்கலன்னு சொன்னேன்ல, அது பொய். வாய் பழகிருச்சு. வருசம் ஒரு மாசம் லீவு உண்டு எனக்கு. டிக்கெட்டும் கம்பெனியே எடுத்துத் தரும். எங்க மேனேஜரு ஹமீது சாரு தங்கமான மனுசன், நாகூருக்காரரு. ஊருக்குப் போகலயாம்மா, அம்மா தேடுவாங்கள்லன்னு அவராத்தான் கேப்பாரு. அப்புறம் போறேன் சார்ம்பேன். ரூமுக்கு வந்து அம்மாவுக்குப் போன் பண்ணி, லீவு இல்லன்னுட்டாரும்மா, அந்த ஆளு ஒரு கல்லுளிமங்கன்ம்பேன். ஒரு வருசமில்ல, ரெண்டு வருசமில்ல, ஆறு வருசம்.

அம்மாவப் புடிக்காமலாக்கா? உசுருங்க்கா எனக்கு. வந்தா மாப்புள்ள பேச்சு எடுப்பாங்க, சாதகத்தத் தூக்கிகிட்டு அலைவாங்க, அதுக்குத்தான் வர்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதெல்லாம் சாக்கு. அந்த ஒரு மாசத்த யாருக்கும் குடுக்க எனக்கு மனசு வர்ல. அம்மாவுக்குக் கூட.

இன்னொண்ணு சொல்றேன், காறித் துப்பிராதீங்க. திருநா அன்னக்கி அம்மா டீச்சர் போன்லேருந்து வீடியோவுல கூப்புடும், சப்பரத்தக் காட்ட. நான் லீவுல ரூம்ல கெடப்பேன். நைட்டிக்கு மேல ஆபீஸ் சட்டைய மாட்டிகிட்டு, செவுத்தோரமா ஒக்காந்து, வேலையில இருக்கேம்மான்னு கொரலத் தாழ்த்திப் பேசுவேன். பல்லுல மாம்பழ நாரு சிக்கிருக்கும். அந்தப் பக்கம் அம்மா ரெண்டு பழத்த வீசிட்டு, ஒண்ணு ஒனக்குடி, இன்னொண்ணு அந்த மனுசனுக்கு நல்ல புத்தி வரட்டும்னு போட்டதுன்னு சொல்லும்.

போன வருசம் தை மாசம் தம்பி போன் பண்ணுனான். அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில சேத்துருக்கோம், ஒடனே கெளம்புன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? லீவு கேட்டுப் பாக்குறேண்டான்னேன். யோசிச்சு சொல்லலக்கா. சத்தியமா. ஆறு வருசம் பழகுன வாயி, அதுவா சொல்லிருச்சு. அத ஒடனே திருப்பி வாங்கிருக்கலாம். வாங்கல. அப்பயே கெளம்பி வந்தா, இதுநா வரைக்கும் குடுக்காத லீவு இப்ப மட்டும் எப்புடி ஒடனே கெடைச்சுதுன்னு தம்பி கேப்பானேன்னு, ஒரு நாள் கழிச்சுக் கெளம்புனேன். ஒரே ஒரு நாளு. திருச்சியில எறங்கி போனப் போட்டா, அம்மா இல்ல.

ஆமாக்கா. வந்ததுமே ஒங்ககிட்ட சொல்லிருக்கணும். வர்லன்னு மட்டும் சொன்னேன். வருசம் திரும்பாம சாமிக்கு எறைக்கக் கூடாதுன்னாங்க, அதான் இந்த வருசம் வந்தேன். அழாதீங்கக்கா. நான் அழுதாலாவது ஒரு ஞாயம் இருக்கு. அதுவும் இல்லன்னு வைங்க.

தம்பிக்கு இன்னக்கி வரைக்கும் தெரியாது. பாவம் எங்கக்கா, பெத்தவ மூஞ்சிய உசுரோட பாக்க விடல அந்த மேனேஜருன்னு அவன் ஊரெல்லாம் சொல்லிகிட்டுத் திரியிறான். அத ஒக்காந்து கேட்டுகிட்டு இருக்கேன் நான்.

கருமாதி முடிஞ்சு திரும்பிப் போனப்ப ஹமீது சாரு கூப்புட்டு ஒக்கார வச்சு ஒரு விசயம் சொன்னாரு. நாலஞ்சு வருசம் முன்ன, எங்க டிரைவரு தௌஹீது ஊருக்குப் போறான்னு அவன்கிட்ட அம்மாவுக்கு ஒரு கம்பளியும் கோடாலித் தைலமும் குடுத்தேன். அவன் பயணம் தள்ளிப்போயிருச்சு. எனக்குச் சொல்லாம பொட்டிய ஹமீது சார்கிட்ட குடுத்து விட்டுட்டான். அவரு நாகூரு வந்தவரு, நேரா நெரவிக்குக் கொண்டாந்துருக்காரு. எங்கம்மா டீ போட்டுக் குடுத்துட்டு, ஒங்களுக்கெல்லாம் லீவு கெடைக்கிது தம்பி, எம் பொண்ணுக்குத்தான் ஒரு கல்நெஞ்சுக்காரன் வந்து வாய்ச்சிருக்கான்னு ஆரம்பிச்சிருக்கு. அந்த மனுசன் டீய முழுசாக் குடிச்சு முடிச்சுட்டு, நாந்தாம்மா அந்த மேனேஜருன்னுருக்காரு.

சிரிங்கக்கா, தப்பில்ல. கேட்ட ஒடனே எனக்கும் சிரிப்புத்தான் வந்துச்சு.

அம்மா அந்த டீ கிளாச வாங்கிக் கழுவி வச்சுட்டு வந்துச்சாம். அப்புறம், எம் பொண்ணு அங்க சந்தோசமா இருக்காளா தம்பின்னுச்சாம். இருக்காங்கம்மா, ரொம்ப சந்தோசமா இருக்காங்கன்னுருக்காரு. அப்ப சரி, நீங்க வந்தத அவகிட்ட சொல்லிராதீங்கன்னுச்சாம். எனக்குப் போன்ல, யாரோ ஒரு தம்பி வந்து குடுத்துட்டுப் போச்சுடி, நல்ல புள்ளன்னு சொல்லுச்சு. நான் தௌஹீதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

தெரிஞ்சுகிட்டே மூணு திருநாவுக்கு இந்த வீதிக்கு வந்துருக்கு பாருங்க. எம் பொண்ணுக்கு லீவு கெடைக்கலன்னு ஒங்ககிட்ட சொல்லிகிட்டு, மாடியில நின்னு வேண்டிகிட்டு... என்ன? திட்டலயா? கடைசியில திட்டுறத விட்டுருச்சா? பாவம் அவரும் என்ன பண்ணுவாரு, வேல அப்புடின்னுச்சா...

நான் இப்பயும் அந்த ரூம்லதாங்க்கா இருக்கேன். இப்பயும் எனக்கு அது புடிச்சுத்தான் இருக்கு. அத என்ன பண்றதுன்னு தெரியல.

மோளம் கேக்குது. சப்பரம் இந்தப் பக்கம் திரும்பிருச்சு போலருக்கு. அந்தக் கூடையக் குடுங்கக்கா. ஆமா, முழுசா. கனக்கட்டும், நான் தூக்கிக்குவேன். மாடியில என்னப் பாத்ததும் கீழேருந்து கேப்பாங்க, தமிழு, லீவு கெடைச்சுதான்னு. கெடைச்சுதுன்னுதான் சொல்லப்போறேன். நீங்களும் யார்ட்டயும் சொல்லிராதீங்க. எம் பொய்யா இருந்தா போனாப் போவுதுன்னு விட்டுருவேன். அது இப்ப அம்மா தெரிஞ்சே சொன்ன சொல்லாச்சே.