ரெண்டு நோட்டும் ஒண்ணுதான்

விருத்தாம்பாள்: நல்லாத் தட்டுடி கைரு. கலயத்துல ஒட்டிக்கினு இருக்கப்போவுது.

கைருன்னிசா: தட்டிட்டேன்க்கா. பத்து பேரு, ஆளுக்கு ஒரு அஞ்சு ரூவா நோட்டு. மொத சீட்டே உனக்கு வுழுந்திருக்கு, சந்தோசமா வாங்கிக்கோ.

விருத்தாம்பாள்: பத்தும் பிரெஞ்சு நோட்டா?

கைருன்னிசா: ஆமா... அதுக்கு இன்னா?

விருத்தாம்பாள்: இன்னாவா! ஆடி பொறந்தாச்சு, உழவுக்கு ஒத்த மாட்டோட நிக்கறேன். நாளைக்குக் கடலூரு சந்தையில ஜோடி புடிக்கணும். பாரிசுல ஜெர்மன்காரன் பூந்ததுலேர்ந்து இந்த நோட்ட அங்க ஒருத்தனும் தொடறதில்ல.

கைருன்னிசா: அதான் அன்னைக்கே சொன்னேன். வில்லியனூரு, பாகூரு, கடலூரு பக்கம்... மூணு ஊரு பொம்பளைங்க சேந்த சீட்டு, இங்கிலீஷ் நோட்டு மட்டும் போதும்னு. நீதான்...

விருத்தாம்பாள்: நான் இன்னா பண்ணேன்?

கைருன்னிசா: "பிரெஞ்சு நோட்டும் அதுக்குச் சமம், ஒண்ணுக்கு ஒண்ணு. பிரெஞ்சு மண்ணுல பொறந்த நாமளே மதிக்கலன்னா யாரு மதிப்பா?"ன்னு எழுந்து நின்னு பேசின. நம்ம சீட்டுல இருக்கற கடலூரு செல்லக்கண்ணுகூட கண்ணத் தொடச்சிக்கினா.

விருத்தாம்பாள்: ஒரு மரியாதைக்குச் சொன்னதுடி. ஒருத்தி ரெண்டு பேரு போடுவாங்கன்னு பாத்தா... செல்லக்கண்ணு இங்கிலீஷ் ஊர்க்காரியாச்சே, அவளுக்கு ஏது பிரெஞ்சு நோட்டு?

கைருன்னிசா: தேடிப்புடிச்சி வாங்கியிருப்பா. இப்ப மலிவாக் கெடைக்குதாம்.

விருத்தாம்பாள்: நீ இன்னா போட்ட?

கைருன்னிசா: இங்கிலீஷ் நோட்டுதான். நீ?

விருத்தாம்பாள்: நானும்தான்.

கைருன்னிசா: பத்துமே பிரெஞ்சு.

விருத்தாம்பாள்: அதத்தான் நானும் பாக்கறேன்.

கைருன்னிசா: வுடுக்கா. துணி மூடுன கலயம், கைய வுட்டுப் போட்டுட்டுப் போறோம். யாரு எத போட்டாங்கன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

விருத்தாம்பாள்: அப்ப ஒண்ணு செய்யி. உங்க மளிகைக்கடையில மாத்திக் குடு.

கைருன்னிசா: அல்லாவே! கடையில பிரெஞ்சு நோட்டு வாங்கறத நிறுத்தி ஒரு மாசமாவுதுக்கா.

விருத்தாம்பாள்: ஒண்ணுகூட வாங்கல?

கைருன்னிசா: ஒண்ணுகூட. எங்க வூட்டுக்காரரு கண்டிசனா சொல்லிட்டாரு.

விருத்தாம்பாள்: அப்ப இந்த நோட்டு மூலையில மஞ்சக்கற எப்புடி வந்துச்சு?

கைருன்னிசா: எவ கைமஞ்சளோ... நமக்கு எப்புடித் தெரியும்?

விருத்தாம்பாள்: எனக்குத் தெரியும்டி. போன செவ்வாக்கெழம, மஞ்ச அரைச்ச கையோட, ரெண்டணா வெல்லத்துக்கு இத உன் வூட்டுக்காரரு கையில தள்ளிட்டு, மீதிய வெள்ளிக்காசா வாங்கிக்கினு வந்தவளே நான்தான்.